கிம் காலின்ஸ்: 27 வயதில் 10.07, 40 வயதில் 9.93. இதை எப்படிப் படிப்பது?

அல்சூர்_ஸ்பைக்ஸ் (பெங்களூரு) கேட்டது:

வணக்கம். கண்டீரவா ஸ்டேடியத்தில் காலையில் ஓடும் 14 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகள் இருபது பேருக்கு அரை மணி நேர வகுப்பு எடுக்க வேண்டும். போல்ட் கதை எல்லாருக்கும் மனப்பாடம் என்பதால், செயின்ட் கிட்ஸ் நெவிஸ் தீவுக்காரர் கிம் காலின்ஸை எடுத்துக்கொண்டு சுவரில் ஒட்ட ஒரு வரைபடம் போட்டேன்.

2003 பாரிஸ் உலகப் போட்டியில் 100 மீட்டர் தங்கம், 10.07 விநாடி. 2013-ல் 37 வயதில் 9.97. 2014-ல் 9.96. 2016 மே 29 அன்று ஜெர்மனியின் பாட்ராப்பில், 40 வயதில், 9.93. வயது கூடக் கூட நேரம் குறைந்துகொண்டே வருகிறது. "விடாமல் ஓடினால் நாற்பதிலும் வேகம் கூடும்" என்று கீழே கொட்டை எழுத்தில் எழுதியும் வைத்துவிட்டேன். இப்போது எங்கள் குழுவில் ஒருவர், "அந்த 9.93 காற்று தள்ளி வந்தது, கணக்கிலேயே சேராது" என்கிறார்.

கேள்விகள்: அவருக்கு உண்மையிலேயே வயதோடு வேகம் கூடியதா? 10.07 ஓடி ஒருவர் உலக சாம்பியன் ஆனது எப்படி? இந்த வாழ்க்கையிலிருந்து பதினைந்து வயதுப் பிள்ளைக்கு உருப்படியாக எதைச் சொல்லலாம்?

---

போட்டோஃபினிஷ் பதில்:

முதலில் உங்கள் குழு நண்பருக்கு. 9.93 விதிப்படி செல்லும். அன்றைக்குப் பின்காற்று விநாடிக்கு 1.9 மீட்டர், எல்லை 2.0. நாற்பது வயது தொட்டபின் பத்து விநாடிக்குள் ஓடிய முதல் மனிதர் அவர்தான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் நண்பர் சொன்னதில் ஒரு விஷயம் இருக்கிறது. 1.9 காற்றில் ஓடிய நேரத்தையும் காற்றே இல்லாத நேரத்தையும் ஒரே கோட்டில் வைத்தால் வரைபடம் பொய் சொல்லும்.

கைக்கணக்கு ஒன்று உண்டு. நல்ல தரமான ஆண்கள் 100 மீட்டரில், பின்காற்று விநாடிக்கு ஒரு மீட்டர் என்றால் சுமார் 0.05 விநாடி லாபம். எதிர்காற்று ஒரு மீட்டர் என்றால் சுமார் 0.06 நஷ்டம். காற்று எடுப்பது கொடுப்பதைவிட எப்போதும் கொஞ்சம் அதிகம், அதனால்தான் இரண்டும் சமமில்லை. இந்தக் கணக்கைப் பெரிய போட்டி இறுதிகளுக்கும் பாட்ராப்புக்கும் போட்டுப் பாருங்கள்:

2002 மான்செஸ்டர் காமன்வெல்த், தங்கம்: 9.98, காற்று +0.2. காற்றில்லாமல் சுமார் 9.99. வயது 26.
2003 பாரிஸ் உலகப் போட்டி, தங்கம்: 10.07, காற்று 0.0. அப்படியே 10.07. வயது 27.
2004 ஏதென்ஸ் ஒலிம்பிக், ஆறாவது: 10.00, காற்று +0.6. சுமார் 10.03. வயது 28.
2005 ஹெல்சிங்கி உலகப் போட்டி, வெண்கலம்: 10.05, காற்று +0.4. சுமார் 10.07. வயது 29.
2011 டேகு உலகப் போட்டி, வெண்கலம்: 10.09, எதிர்காற்று 1.4. சுமார் 10.00 அல்லது 10.01. வயது 35.
2016 பாட்ராப்: 9.93, காற்று +1.9. சுமார் 10.03. வயது 40.

பதினான்கு வருடம், எல்லாமே 9.99-க்கும் 10.07-க்கும் நடுவில். பார்வைக்கு மோசமாகத் தெரியும் டேகு 10.09 உண்மையில் இந்தப் பட்டியலின் மிகச் சிறந்த ஓட்டங்களில் ஒன்று. அதுவும் 2009-ல் ஓய்வு அறிவித்துவிட்டு 2011-ல் திரும்பி வந்த பிறகு. ஆக, உங்கள் வரைபடத்தில் இறங்கு கோட்டை அழித்துவிட்டுப் படுத்த கோடு ஒன்று போடுங்கள். வேகம் கூடியது என்பதல்ல அதிசயம். குறையவில்லை என்பதுதான். முப்பது தாண்டிய ஓட்டக்காரர்கள் எத்தனை பேர் வருடத்துக்கு 0.03, 0.04 என்று சத்தமில்லாமல் கரைந்து போயிருக்கிறார்கள் என்று பார்த்தால் இதன் எடை புரியும்.

இனி 10.07 தங்கம். 2003-ல் பாரிஸ் இறுதியில் காலின்ஸ் முதல் லேனில், ஓரத்தில் ஓடினார். நேர்த்தடத்தில் முதல் லேனில் வளைவுச் சிக்கல் கிடையாது. துப்பாக்கிச் சத்தமும் ஒவ்வொரு பிளாக்கின் (புறப்படும்போது கால் ஊன்றும் கட்டை) பின்னாலிருக்கும் ஸ்பீக்கரில் வருவதால் கேட்பதில் வித்தியாசமில்லை. ஒரே குறை, வேகமானவர்கள் நடு லேன்களில் இருப்பார்கள், பக்கத்தில் இழுத்துக்கொண்டு போக ஆள் இருக்காது. அவருக்கு அது தேவைப்படவில்லை. முந்தைய உலக சாம்பியன் மாரிஸ் கிரீன் அரையிறுதியோடு வெளியே. இறுதியில் காலின்ஸ் 10.07. அடுத்து டேரல் பிரவுன், டேரன் கேம்ப்பெல், டுவெய்ன் சேம்பர்ஸ் மூவரும் 10.08. (சேம்பர்ஸின் முடிவு பிறகு ஊக்கமருந்து வழக்கில் நீக்கப்பட்டது. ஐந்தாவதாக வந்த டிம் மான்ட்கோமரிக்கும் அதே கதி.) முடிவுக்கோட்டருகே விநாடிக்குச் சுமார் பதினொன்றரை மீட்டர் வேகம் என்றால் 0.01 விநாடி என்பது ஒரு சாண் கூட இல்லை, பதினோரு பன்னிரண்டு சென்டிமீட்டர். 18 வயது பிரவுன் அதே பாரிஸில் காலிறுதியில் 10.01 ஓடியவர், இறுதியில் 10.08. பதக்கம் அன்றைக்கு, அந்த ஓட்டத்தில் ஓடுபவருக்கு. காலண்டரின் சிறந்த நேரத்துக்கு அல்ல. 1983-ல் நடந்த முதல் உலகப் போட்டியில் கார்ல் லூயிஸ் வென்றதும் இதே 10.07-ல்தான், அதை யாரும் குறைவாகப் பேசுவதில்லை.

வரைபடத்தில் ஒன்று விட்டிருக்கிறீர்கள். 2001 எட்மண்டனில் 200 மீட்டர் வெண்கலம், 20.20. இரண்டாவதாக வந்த ஜமைக்காவின் கிறிஸ்டோபர் வில்லியம்ஸ், மூன்றாமிடத்தைப் பகிர்ந்த காலின்ஸும் ஷான் கிராஃபர்டும், மூவருக்கும் அதே 20.20. அவருடைய நாட்டுக்கு உலகப் போட்டியில் கிடைத்த முதல் பதக்கம் அது. ஒலிம்பிக் பதக்கம் மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. சிட்னி 100 மீட்டரில் ஏழாவது, ஏதென்ஸில் ஆறாவது, பெய்ஜிங் 200 மீட்டரில் ஆறாவது.

---

அறுபது_மீட்டர் (தில்லி) பதில்:

போட்டோஃபினிஷ் சார் கணக்கு சரி, முடிவில்தான் எனக்குக் கொஞ்சம் சண்டை. "வேகம் கூடவில்லை" என்று முழுசாகச் சொல்லிவிட முடியாது. காற்றைப் பற்றித் தகராறே இல்லாத ஓர் இடம் இருக்கிறது, உள்ளரங்கம்.

உலக உள்ளரங்கப் போட்டியில் 60 மீட்டர்: 2003 பர்மிங்காமில் வெள்ளி, 6.53. 2008 வலென்சியாவில் வெள்ளி, 6.54, சேம்பர்ஸுடன் பகிர்ந்தது. அடுத்து 2015 பிப்ரவரியில் போலந்தில் 6.47, அப்போது அவருக்கு 38 வயது முடிந்து 39 ஆகப் போகிறது. கூரைக்குக் கீழே காற்று கிடையாது. உலகப் போட்டிகளில் தன் உச்சத்தில் ஓடியதைவிட ஆறு ஏழு நூறிலொரு பங்கு வேகம். 60 மீட்டரில் அது பெரிய இடைவெளி, முக்கால் மீட்டர் தூரம்.

இரண்டையும் சேர்த்து வைத்தால் என்ன கிடைக்கிறது? முதல் 60 மீட்டர் மேம்பட்டிருக்கிறது, மொத்த 100 மீட்டர் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கிறது. அப்படியானால் கடைசி 40 மீட்டரில் அவர் கொஞ்சம் இழந்திருக்க வேண்டும். இது என் கணிப்பு, அவர் ஓட்டங்களின் பத்து மீட்டர் பிரிவுகளை வைத்துச் சொல்வது அல்ல. ஆனால் உடம்பு வயதாகும் விதத்தோடு ஒத்துப்போகிறது. உச்ச வேகமும் அதைப் பிடித்து வைக்கும் திறனும் முதலில் போகும். புறப்பாடு, முடுக்கம் இரண்டிலும் நுணுக்கத்துக்கு இடம் அதிகம். தள்ளும் கோணம், முதல் ஏழு எட்டு அடிகளின் நீளம், தலையை எப்போது நிமிர்த்துவது, இதையெல்லாம் பதினைந்து வருடம் மெருகேற்றலாம்.

காலின்ஸ் எப்போதுமே புறப்பாட்டு ஆள். பெரிய உடம்பு கிடையாது, போல்ட் மாதிரி நீண்ட அடி கிடையாது. முன்னால் போய்விட்டு, பின்னால் வருகிறவர்கள் எட்டுவதற்குள் கோட்டைத் தாண்டுவதுதான் அவர் ஓட்டம். இதில் விதி மாற்றங்களையும் பாருங்கள். 2002 வரை ஒவ்வொருவருக்கும் ஒரு தவறான புறப்பாடு மன்னிப்பு. 2003 முதல் மொத்தக் கூட்டத்துக்கும் சேர்த்து ஒன்று, இரண்டாவதை யார் செய்தாலும் அவர் வெளியே. 2010 முதல் மன்னிப்பே கிடையாது. மூன்று விதிகளிலும் ஓடியவர் அவர். பாரிஸ் காலிறுதியில் முந்திப் புறப்பட்டதாக வெளியேற்றப்பட்ட ஜான் டிரமண்ட் தடத்திலேயே படுத்துக்கொண்டு போகமாட்டேன் என்றது இரண்டாவது விதியின் காலம். டேகு இறுதியில் போல்ட் முந்திப் புறப்பட்டு வெளியேறியது மூன்றாவது விதியின் காலம். அந்த இறுதியில் யோஹான் பிளேக் 9.92, வால்ட்டர் டிக்ஸ் 10.08, காலின்ஸ் 10.09. துப்பாக்கி வெடித்து 0.100 விநாடிக்குள் பிளாக்கில் கால் அழுத்தம் காட்டினால் கருவி அதைத் தவறு என்று எடுத்துக்கொள்ளும். சத்தத்தை ஊகித்துப் புறப்படுகிற பழக்கம் உள்ள பிள்ளைக்கு இப்போது எதிர்காலம் இல்லை. சத்தம் கேட்டுப் புறப்படு, புறப்பட்டபின் ஏமாற்றாதே. அவ்வளவுதான்.

"நாற்பதிலும் கூடும்" வரியைப் பற்றி: கரீபியன் பக்கம் இன்னும் இரண்டு பேர் உங்களுக்கு ஆதரவாக இருக்கிறார்கள். மெர்லின் ஓட்டியின் சிறந்த 10.74 வந்தது 1996-ல், 36 வயதில். ஷெல்லி-ஆன் ஃப்ரேசர்-பிரைஸ் 2008 பெய்ஜிங் தங்கம் 10.78, 2021 லொசானில் 34 வயதில் 10.60. ஆனால் 2020-க்குப் பிந்தைய எண்களில் புதிய வகை ஸ்பைக்ஸின் பங்கும் கலந்திருக்கிறது. காலின்ஸின் 2016 ஓட்டம் அந்தக் காலணிகளுக்கு முந்தியது என்பது அவர் பக்கம் ஒரு புள்ளி.

---

அல்சூர்_ஸ்பைக்ஸ்:

இரண்டு பேருக்கும் நன்றி. கொட்டை எழுத்து வரியை அடித்துவிட்டேன். ஒரு நடைமுறைச் சந்தேகம். இங்கே ஒரு பையன் கைக்கடிகாரத்தில் 11.1 ஓடுகிறான். சென்னையில் நடந்த போட்டியில் மின்னணு நேரம் 11.49 வந்தது. வீட்டில் "பயிற்சி சரியில்லை, பின்னால் போகிறான்" என்கிறார்கள். காலின்ஸ் கணக்கை இவனுக்கும் போடலாமா?

---

மூணு_வாட்ச் பதில்:

போடலாம், போட்டே ஆக வேண்டும். பையன் பின்னால் போகவில்லை.

100 மீட்டரில் கைநேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட 0.24 கூட்டுவது வழக்கம். 11.1 உடனே 11.34 ஆகிவிட்டது. அடுத்தது உயரம். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 920 மீட்டர். இங்கே காற்று மெல்லியது, 100 மீட்டரில் சுமார் 0.03 விநாடி சும்மா கிடைக்கிறது. 1000 மீட்டருக்கு மேல் இருந்தால் முடிவுப் பட்டியலில் நேரத்துக்குப் பக்கத்தில் உயரக் குறி போடுவார்கள், நாம் அதற்கு மயிரிழையில் கீழே இருப்பதால் குறியும் கிடையாது, யாரும் கவனிப்பதும் இல்லை. 2023-ல் மணிகண்ட ஹோப்ளிதார் 10.23, 2025 மார்ச்சில் குரிந்தர்வீர் சிங் 10.20 என்று இரண்டு தேசிய சாதனைகள் இந்த ஊரில் வந்தன. அவர்கள் சாதனையைக் குறைத்துச் சொல்லவில்லை, சென்னையிலோ மும்பையிலோ ஓடியதோடு ஒப்பிடும்போது அந்த 0.03-ஐ மனதில் வையுங்கள் என்கிறேன். காலின்ஸுக்கும் இது உண்டு. 2011 குவாதலஹாரா பான்-அமெரிக்கன் போட்டியில் வெள்ளி வாங்கிய 10.04, 1500 மீட்டருக்கு மேல் உயரமான ஊரில் வந்தது. போட்டோஃபினிஷ் அதைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டது சரியே.

பையன் இப்போது 11.37. மீதி 0.12 எங்கே? சென்னையில் காற்று எவ்வளவு என்று முடிவுத் தாளில் பாருங்கள். எதிர்காற்று 1.0 இருந்தாலே பாதி போய்விடும். மீதிப் பாதிக்குப் பெரும்பாலும் உங்கள் கைக்கடிகாரம்தான் காரணம். பயிற்சி மைதானத்தில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: முடிவுக்கோட்டில் நிற்பவர் கைதட்டல் அல்லது விசில் சத்தம் கேட்டுப் பொத்தானை அழுத்துவார். சத்தம் 100 மீட்டர் வர கிட்டத்தட்ட 0.29 விநாடி ஆகும். ஓடுபவன் கிளம்பிய பிறகுதான் கடிகாரம் கிளம்புகிறது. துப்பாக்கிப் புகையையோ, இறக்கும் கையையோ கண்ணால் பார்த்து அழுத்த வேண்டும். இன்னொரு தவறு, கை தானாகவே முடிவை எதிர்பார்த்து முன்கூட்டி நிறுத்திவிடும். மூன்று கடிகாரம் வைத்து நடு நேரத்தை எடுங்கள். 11.11 காட்டினால் 11.2 என்று மேலேதான் ஏற்ற வேண்டும், 11.1 என்று இறக்கக் கூடாது. இதை எத்தனை இடத்தில் மாற்றிச் செய்கிறார்கள் என்று எண்ணினால் கை வலிக்கும்.

முடிவு என்பது நெஞ்சுப் பகுதி கோட்டைத் தொடுவது. தலையோ நீட்டிய கையோ கணக்கில்லை. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லவில்லையென்றால் கடைசி ஐந்து மீட்டரில் கையை முன்னால் வீசி நீந்துவார்கள்.

அவனை நியாயமாக அளக்க 100 மீட்டரை விடுங்கள், முழு வேகத்தில் நுழைந்து 30 மீட்டர் எடுங்கள். 25 அல்லது 30 மீட்டர் முன்னோட்டம், பிறகு குறித்த 30 மீட்டர். ஃபோனில் விநாடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவியக்கத்தை வையுங்கள். 30 மீட்டரின் நடுப்புள்ளிக்கு நேராக, லேனிலிருந்து 20 மீட்டர் தள்ளி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள், கையில் பிடித்துத் திருப்பக் கூடாது. எல்லைக் குச்சிகளை லேன் ஓரத்திலேயே நட்டால் தொல்லை இல்லை. இடமில்லாமல் கேமராவுக்கும் லேனுக்கும் சரிபாதித் தூரத்தில் நட வேண்டி வந்தால், நடுவிலிருந்து 15 மீட்டரில் நடாதீர்கள், ஏழரை மீட்டரில் நடுங்கள். அப்போதுதான் கேமராவின் பார்வையில் குச்சி சரியாக 15 மீட்டர் குறியை மறைக்கும். நெஞ்சு முதல் குச்சியைத் தொடும் படத்திலிருந்து இரண்டாவது குச்சி வரை எண்ணி 240-ஆல் வகுத்தால் முடிந்தது. 768 படம் என்றால் 3.20 விநாடி.

பிளாக்கிலிருந்து 30 மீட்டரும் தனியாக எடுங்கள், பின்கால் பிளாக்கை விட்டுக் கிளம்பும் படத்திலிருந்து தொடங்கி. எதிர்வினை நேரத்தை இதில் கலக்க வேண்டாம். இரண்டு எண்ணையும் மாதம் ஒருமுறை, ஒரே தடத்தில், ஒரே நேரத்தில், ஒரே ஸ்பைக்ஸில். அறுபது_மீட்டர் சொன்ன வித்தியாசம் இங்கே கண்ணுக்குத் தெரியும். முதலாவது எண் நின்றுபோய் இரண்டாவது குறைந்தால் பையன் புறப்பாட்டில் மட்டும் தேறுகிறான் என்று அர்த்தம்.

---

பேட்டன் பதில்:

100 மீட்டரோடு நிறுத்திவிடாதீர்கள். டேகுவில் 4×100 ரிலே வெண்கலமும் இருக்கிறது. ஜேசன் ராஜர்ஸ், கிம் காலின்ஸ், ஆன்ட்வான் ஆடம்ஸ், பிரிஜேஷ் லாரன்ஸ், 38.49. ஜமைக்கா 37.04 என்று உலக சாதனை போட்ட அதே ஓட்டம். ஐம்பதாயிரம் சொச்சம் ஜனத்தொகை உள்ள நாடு, நம்ம ஊர் ஒரு வார்டு அளவுதான், நான்கு பேரைத் திரட்டி மூன்றாவது வந்தது. அமெரிக்கா கம்பு மாற்றத்தில் விழுந்தது உதவியது, வாஸ்தவம். ஆனால் விழாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் ரிலேயில் பாதி வேலை.

2012 லண்டனைக் கேட்பார்கள், தயாராக இருங்கள். கொடி ஏந்திப் போனவர், மனைவி தங்கியிருந்த ஓட்டலுக்குப் போனதை ஒட்டி அணி நிர்வாகத்தோடு மோதல், 100 மீட்டர் ஓடவே இல்லை. 2016 ரியோவில் 40 வயதில் திரும்பி வந்து அரையிறுதி வரை போனார்.

---

அல்சூர்_ஸ்பைக்ஸ்:

சென்னை முடிவுத் தாளை எடுத்துப் பார்த்தேன். எதிர்காற்று 0.9. வீட்டுக்காரர்களிடம் கணக்கைக் காட்டிவிடுகிறேன்.

வரைபடத்தை மாற்றிவிட்டேன்: மேலே காற்று கழித்த 100 மீட்டர், படுத்த கோடு. கீழே 60 மீட்டர், 6.53, 6.54, 6.47. வார்த்தை எதுவும் எழுதவில்லை, பிள்ளைகளே கேட்கட்டும். சனிக்கிழமை காலை ஆறரைக்கு 30 மீட்டர் சோதனை. 240 படம் எடுக்கும் ஃபோன் ஒன்றுதான் இருக்கிறது. 60 படம் எடுக்கும் இன்னொன்றை வைத்தால் பரவாயில்லையா?

---

மூணு_வாட்ச்:

ஒரு படத்துக்கு 0.017 விநாடி. மாதாமாதம் நீங்கள் தேடப்போகும் முன்னேற்றமே 0.02, 0.03 தான். அந்த ஃபோனைப் பிளாக் அடிகளின் நீளம் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள், நேரம் எடுக்க ஒன்றே போதும், பிள்ளைகள் வரிசையில் நிற்கட்டும். ஒவ்வொருவருக்கும் இரண்டு தடவை, நடுவில் குறைந்தது ஆறு நிமிடம்.